ஜெர்மனியில் கம்யூனிகேஷன் முதுகலை: விஸ்காம் முடித்தவர்கள் விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன் 72 சதவீதத்தில் முடித்திருக்கிறீர்கள். ஜெர்மனியில் கம்யூனிகேஷன் முதுகலை படிக்க ஆசை. கட்டணமே கிடையாது என்பது உண்மையா, ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு படித்து வேலைக்கும் போய்விட முடியுமா, முதலில் எதைச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டணம் பற்றிக் கேள்விப்பட்டது பெரும்பாலும் சரி. ஆங்கிலத்தில் படிக்கவும் முடியும். வேலைக்கு அது போதாது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தடை இருக்கிறது. விஸ்காம் விண்ணப்பங்கள் தடுக்கி விழுவது அங்கேதான் என்பதால் அதிலிருந்து தொடங்கலாம்.

கம்யூனிகேஷன் தியரி தாளில் 'ஸ்பைரல் ஆஃப் சைலன்ஸ்' படித்திருப்பீர்கள்: தங்கள் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள் என்ற கோட்பாடு. அதை 1974இல் எழுதிய எலிசபெத் நோயல்-நோய்மான் மைன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். அலன்ஸ்பாக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தைக் கணவருடன் சேர்ந்து 1947இல் தொடங்கியவரும் அவர்தான். 1965 தேர்தலுக்கு முன் மாதக்கணக்கில் எடுத்த கணிப்புகளில் இரண்டு பெரிய கட்சிகளும் சமமாகவே நின்றன. ஆனால் 'யார் ஜெயிப்பார்கள்' என்ற கேள்விக்கு வந்த பதில் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது. அந்த எண்களிலிருந்துதான் கோட்பாடு பிறந்தது. நம் ஊரில் அதை 5 மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்கிறோம். அங்கே அந்த எண்களை எப்படிச் சேகரிப்பது, எப்படிச் சோதிப்பது என்பதுதான் பாடம். 1916இல் லைப்சிக்கில் செய்தித்தாள் ஆய்வுக்கென்று முதல் பல்கலைக்கழக நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் ப்யூஷர்கூடப் பொருளாதார அறிஞர்தான். ஆகவே ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்தில் 'கம்யூனிகேஷன்' என்றால் பெரும்பாலும் அது சர்வே, உள்ளடக்கப் பகுப்பாய்வு, புள்ளியியல் கொண்ட ஒரு சமூக அறிவியல். கேமரா, எடிட்டிங், கிராஃபிக் டிசைன் எல்லாம் வேறு துறை. அவற்றுக்குப் பெரும்பாலும் 'ஹோக்ஷூலே' எனப்படும் செயல்முறைக் கல்வி நிறுவனங்களுக்குப் போக வேண்டும்.

இது விண்ணப்பத்தில் எப்படி வெளிப்படுகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு படிப்பின் சேர்க்கை விதியிலும் 'இளங்கலையில் கம்யூனிகேஷன் அல்லது சமூக அறிவியல் பாடங்களில் இத்தனை ஈ.சி.டி.எஸ்., அதில் ஆய்வு முறைகளிலும் புள்ளியியலிலும் இத்தனை' என்று ஒரு வரி இருக்கும். ஈ.சி.டி.எஸ். என்பது ஐரோப்பாவின் கிரெடிட் அலகு. நம் மூன்றாண்டுப் பட்டத்தை ஆண்டுக்கு 60 வீதம் 180 ஈ.சி.டி.எஸ். என்று கணக்கிடுவது வழக்கம். உங்கள் பட்டம் மொத்தம் 140 கிரெடிட் என்றால், 4 கிரெடிட் தாள் ஒன்று 4 × 180 ÷ 140, அதாவது 5.1 ஈ.சி.டி.எஸ். கம்யூனிகேஷன் தியரி, மீடியா ரிசர்ச், ஊடகமும் சமூகமும், விளம்பரம், மக்கள் தொடர்பு என்று ஐந்து தாள் தேறினால் சுமார் 25 வரும். ஆனால் 'ஆய்வு முறை 10' என்று கேட்டிருந்தால் உங்களிடம் மீடியா ரிசர்ச் ஒன்றுதான், 5 மட்டுமே. போட்டோகிராபி, 2டி அனிமேஷன், டிராயிங் தாள்களில் எவ்வளவு மதிப்பெண் எடுத்திருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. 72 சதவீதக்காரருக்கு 'தகுதி இல்லை' என்று பதில் வந்து, 65 சதவீதம் வாங்கிய பி.ஏ. சமூகவியல்காரருக்கு இடம் கிடைத்தால் அதற்குக் காரணம் இதுதான்.

எனவே முதல் வேலையாகக் கல்லூரிக்குப் போய், மூன்றாண்டு சிலபஸ் முழுவதையும் துறைத்தலைவர் கையெழுத்து, முத்திரையுடன் வாங்குங்கள். பிறகு படிக்க நினைக்கும் படிப்பின் சேர்க்கை விதியை எடுத்து, இரண்டு பத்தியில் அட்டவணை போடுங்கள்: இடப்பக்கம் அவர்கள் கேட்பது, வலப்பக்கம் உங்கள் தாளின் பெயர், கிரெடிட், எந்த யூனிட்டில் அந்தப் பொருள் வருகிறது என்ற விவரம். தாளின் தலைப்பு 'மீடியா, கல்ச்சர் அண்ட் சொசைட்டி' என்று இருந்தாலும் மூன்றாம் யூனிட் சாம்பிளிங், கேள்வித்தாள் தயாரிப்பு என்றால் அதைக் குறிப்பிட்டுக் காட்டலாம். இறுதியாண்டு ப்ராஜெக்ட் குறும்படமாக இல்லாமல் ஆய்வேடாக இருந்திருந்தால் அது பெரிய பலம். அதையும் சுருக்கத்தோடு இணையுங்கள். சில துறைகள் குறைவான கிரெடிட்டை வந்து ஈடுகட்டச் சொல்லி நிபந்தனையோடு இடம் தருவதுண்டு. எந்த அட்டவணை போட்டும் தேறவில்லையென்றால், ஆய்வேடு எழுத வைக்கும் ஒரு முதுகலையை இங்கேயே முடித்துவிட்டுப் போவது வீண் அல்ல. இருபது இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டிப் பார்ப்பதுதான் வீண்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். அங்கே 1 சிறந்தது, 4 தேர்ச்சி எல்லை. மாற்றும் வழி 'திருத்திய பவேரிய வாய்பாடு'. உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 72க்கு: 28 ÷ 60 × 3 + 1 = 2.4. பல துறைகள் 2.5ஐ எல்லையாக வைப்பதால் நீங்கள் உள்ளே வந்துவிடுகிறீர்கள். தேர்ச்சி எல்லை 40 என்று வைத்ததால்தான் இந்த விடை. 50 என்று யாராவது எடுத்துக்கொண்டால் அதே 72, கிட்டத்தட்ட 2.7 ஆகிவிடும், எல்லைக்கு வெளியே. மார்க் ஷீட்டின் பின்புறம் தேர்ச்சி மதிப்பெண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லூரியிடம் ஒரு சான்று வாங்கி வையுங்கள்.

எங்கே விண்ணப்பிக்கலாம்? ஆங்கிலத்தில் நடக்கும் அரசுப் பல்கலைக்கழகப் படிப்புகள் இந்தத் துறையில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. துரிங்கியாவில் இல்மெனாவ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 'மீடியா அண்ட் கம்யூனிகேஷன் சயின்ஸ்', பிரேமன் பல்கலைக்கழகத்தின் 'டிஜிட்டல் மீடியா அண்ட் சொசைட்டி' இரண்டும் முதலில் பார்க்க வேண்டியவை. இல்மெனாவ் காட்டையொட்டிய சிற்றூர். வாடகை குறைவு, பகுதிநேர வேலையும் குறைவு. பிரேமன் நகரம், இரண்டும் நேர்மாறு. மைன்ஸ், மியூனிக் லுட்விக் மாக்சிமிலியன், ஹோகன்ஹைம், லைப்சிக் ஆகியவை இத்துறையில் பெரிய பெயர்கள். ஆனால் அங்கே முதுகலையை ஜெர்மனில்தான் படிக்க வேண்டியிருக்கும், சி1 அளவு தேவை (ஏ1 முதல் சி2 வரையான ஆறு மொழிப் படிகளில் ஐந்தாவது). வளரும் நாடுகளின் ஊடகம் பற்றி ஆர்வமும் கொஞ்சம் வேலை அனுபவமும் இருந்தால் பான் நகரில் ஜெர்மனியின் சர்வதேச ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் அகாடமி நடத்தும் 'இன்டர்நேஷனல் மீடியா ஸ்டடீஸ்' பாருங்கள். இதழியல் பக்கம் மனம் போனால், பல ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஈராஸ்மஸ் முண்டுஸ் இதழியல் படிப்பு முதலாண்டை டென்மார்க்கின் ஆர்ஹூஸில் தொடங்குகிறது. இரண்டாமாண்டுக்குத் தேர்ந்தெடுக்கக்கூடிய ஊர்களில் மியூனிக்கும் ஒன்று. ஈராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை. கிடைக்காவிட்டால் கட்டணம் கட்டிப் படிக்க வேண்டிய படிப்பு அது.

இந்த இடத்தில் ஏஜென்ட்டுகள் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நிறைய மாணவர்களும் அவர்கள் குடும்பங்களும் இதில் பணத்தை இழக்கிறார்கள். 'கம்யூனிகேஷன் மேனேஜ்மென்ட், முழுக்க ஆங்கிலம், உடனே அட்மிஷன்' என்று வருவது பெரும்பாலும் தனியார் கல்லூரி. ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவைத் தாண்டும். சேர்த்துவிடுவதற்குக் கமிஷன் தருவதும் அவைதான். தனியார் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசு அங்கீகாரம் உண்டா என்று ஜெர்மனியின் கல்வி அங்கீகாரத் தரவுத்தளமான அனாபினில் பெயரைத் தட்டிப் பார்த்து, 'ஹெச் பிளஸ்' என்று வந்தால் மட்டும் மேலே யோசியுங்கள். அரசுப் பல்கலைக்கழகங்களிலும் விதிவிலக்குகள் உண்டு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டுகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இலிருந்து வாங்குகிறது. மற்ற இடங்களில் செமஸ்டர் பங்களிப்பு மட்டும். பெரும்பாலும் 100 முதல் 350 யூரோ வரை, சில இடங்களில் அதற்கு மேலும் போகும். பல ஊர்களில் பயணச் சீட்டும் அதிலேயே அடக்கம்.

காகித வேலையில் முதலாவது ஏ.பி.எஸ். சான்று. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர் விசாவுக்கு இது கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். உங்கள் மார்க் ஷீட்டும் பட்டமும் உண்மையானவையா என்று சரிபார்ப்பதுதான் இதன் வேலை. பாஸ்போர்ட்டில் 'குமார் ரமேஷ்', மார்க் ஷீட்டில் 'ரமேஷ் கே' என்று இருந்தால் இங்கே இழுக்கும். நம்மூர் இனிஷியல் பழக்கம் அவர்களுக்குப் புரியாது. இருவரும் ஒருவரே என்று ஒரு அஃபிடவிட் எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தை யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக வாங்குகின்றன: முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. பணம் வந்து சேர்ந்த பிறகுதான் கோப்பைத் திறப்பார்கள். கடைசி நாளில் கட்டினால் கெடுவுக்குள் போய்ச் சேராது. அக்டோபரில் தொடங்கும் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 என்பது பொதுவான கெடு. ஆனால் ஆங்கிலப் படிப்புகளில் வெளிநாட்டவருக்கான கெடு அதற்கு மாதங்கள் முன்னாலேயே முடிந்துவிடலாம். விசாவுக்கும் நேரம் வேண்டும். முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஏ.பி.எஸ்., டிசம்பருக்குள் ஐ.இ.எல்.டி.எஸ். என்று வைத்துக்கொண்டால் மூச்சு விடலாம். பொதுவாக 6.5 கேட்பார்கள். கல்லூரி தரும் 'ஆங்கில வழியில் படித்தார்' என்ற சான்றை நம்பி இருக்காதீர்கள்.

நோக்கக் கடிதத்தில் 'சிறு வயதிலிருந்தே ஊடகத்தின் மீது காதல்' என்று தொடங்கினால் படிப்பவர் அடுத்த கடிதத்துக்குப் போய்விடுவார். அவர்களுக்கு வேண்டியது ஒரு கேள்வி. உதாரணமாக: வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களில் மருத்துவத் தவறான தகவலை யார் திருத்துகிறார்கள், யார் மௌனமாக இருக்கிறார்கள், அதை நேர்காணலில் ஆராயலாமா, சர்வேயிலா, ஏன்? அந்தத் துறையில் யாருடைய ஆய்வு இதற்கு அருகில் வருகிறது, எந்தப் பாடம் உங்களிடம் இல்லாத எந்தத் திறனைத் தரும் என்று எழுதினால் ஒரு பக்கம் போதும். இந்தக் கடிதத்தின் சாயலிலேயே விசாவுக்கும் ஒன்று கேட்பார்கள். இரண்டும் முரண்படக் கூடாது.

பணக் கணக்கு. விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 வீதம் உங்களுக்கே வரும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 12 லட்சம். அனுப்பும்போது இடையில் உள்ள வங்கி கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். 11,904ஐ அப்படியே அனுப்பி, 11,880 போய்ச் சேர்ந்து, சான்று வராமல் இரண்டு வாரம் தவிப்பவர்கள் உண்டு. நூறு யூரோவாவது கூட அனுப்புங்கள். இது தவிர, கையில் இன்னொரு 2,000 யூரோ தேவை. வீட்டு முன்பணம் சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகை வரை கேட்கலாம், அங்கே வங்கிக் கணக்கு திறக்கும் வரை பிளாக்டு பணம் வெளியே வராது. மாணவர் மருத்துவக் காப்பீடு மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும். இந்தச் சலுகை விலை 30 வயது வரைதான். மாணவர் விடுதிக்கு, அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விடுதிகளை நடத்தும் 'ஷ்டூடிரெண்டன்வெர்க்' என்ற மாணவர் நல அமைப்பின் தளத்தில் வரிசையில் நில்லுங்கள். விசா வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இடம் இருக்காது.

விசா மறுத்தால் தூதரகத்துக்கே மேல்முறையீடு எழுதும் 'ரெமொன்ஸ்ட்ரேஷன்' வழி 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் நிறுத்தப்பட்டுவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் நீதிமன்றம் போக வேண்டும். ஆகவே முதல் கோப்பிலேயே இடைவெளி இருக்கக் கூடாது. பட்டம் முடித்து ஒன்றரை ஆண்டு ஸ்டூடியோவில் வேலை செய்திருந்தால் அதற்குச் சான்று வேண்டும். சும்மா இருந்திருந்தால் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

அங்கே போனபின் செய்யும் வேலை பற்றி, விஸ்காம்காரர்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். 2024 மார்ச்சில் வந்த மாற்றம் இது. ஆனால் அந்த அனுமதி சம்பள வேலைக்கு மட்டும். ஃப்ரீலான்ஸ் என்பது சுயதொழில். வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி இல்லாமல் கூடாது. கல்யாண போட்டோ எடுத்துக் காசு வாங்குவது, இந்தியாவில் உள்ள வாடிக்கையாளருக்கு அங்கிருந்தபடியே வீடியோ எடிட் செய்து பில் போடுவது எல்லாம் இதில் வரும். யூட்யூப் விளம்பர வருமானம் வந்துகொண்டிருந்தால் அதையும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தெரியாமல் செய்தேன் என்பது குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது எடுபடாது. நல்ல வழி ஒன்று உண்டு. துறையிலேயே 'ஹீவி' எனப்படும் மாணவ உதவியாளர் வேலை, அந்த நாள் கணக்கில் சேராது. உள்ளடக்கப் பகுப்பாய்வில் நூற்றுக்கணக்கான செய்திகளைப் படித்துக் குறியீடு போடுவது போன்ற வேலை. இருவர் போடும் குறியீடு ஒத்துப்போகிறதா என்பதை கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா என்ற அளவில் பார்ப்பார்கள், 0.80க்கு மேல் வந்தால் திருப்தி. அதைக் கையால் செய்து பழகியவருக்கு ஆய்வேடு பாதி முடிந்த மாதிரி. படிப்பின் விதியிலேயே கட்டாயம் என்று இருக்கும் இன்டர்ன்ஷிப்பும் நாள் கணக்கில் வராது. ஆனால் அதற்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் பொருந்தாது, சம்பளம் பூஜ்யமாகக்கூட இருக்கலாம்.

முதல் செமஸ்டரில் திணறுவது பெரும்பாலும் புள்ளியியலிலும் 'ஹவுஸ்ஆர்பைட்' என்ற 15–20 பக்கக் கட்டுரையிலும். ஒரு ஈ.சி.டி.எஸ். என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, செமஸ்டருக்கு 30. வகுப்பு வாரத்தில் சில நாள்தான் என்று பார்த்து வேலையை நிரப்பிக்கொண்டவர்கள், விடுமுறையில் மூன்று கட்டுரை ஒன்றாக வந்து நிற்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே தேர்வில் அனுமதித்த முறைகள் எல்லாம் தோற்றால் பதிவே ரத்தாகும், அதே படிப்பில் வேறு ஊரில் சேருவதும் பெரும்பாலும் முடியாது. அரியர் வைத்து எழுதிக்கொள்ளலாம் என்ற நம்மூர் நம்பிக்கை அங்கே ஆபத்து. கிளம்பும் முன் ஆறு மாதம் கிடைத்தால் 'ஆர்' மென்பொருளில் சராசரி, திட்ட விலக்கம், ரிக்ரெஷன் வரை கற்றுக்கொள்ளுங்கள், இலவசம்தான். போய் இறங்கி முகவரி பதிந்ததும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். டிவி இல்லையே என்று தூக்கிப் போட்டால் அபராதத்தோடு வளரும். ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். என்ற பொது ஒளிபரப்புகள் அரசுக் கருவூலத்தை நம்பாமல் நிற்பது இந்தப் பணத்தில்தான். அது ஏன், எப்படி என்பது உங்கள் பாடத்திலேயே வரும். அறையைப் பகிர்ந்து வாழ்ந்தால் வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும்.

இப்போது மொழி. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம். மென்பொருள்காரருக்கு ஆங்கிலம் போதும் என்று சொல்லும் நிறுவனங்கள் உண்டு. உங்கள் வேலையோ அறிக்கை எழுதுவது, செய்தியாளரிடம் பேசுவது, வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது. அங்கே மொழிதான் கருவி. பத்திரிகையிலும் பி.ஆர். நிறுவனங்களிலும் நுழைவாயில் 'ஃபொலோண்டாரியாட்' என்ற பயிற்சிப் பணி. ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு, சம்பளம் குறைவு, ஜெர்மன் தாய்மொழி போல வேண்டும். ப்ளூ கார்டு என்பது உயர்தகுதிப் பணியாளருக்கான குடியிருப்பு அனுமதி. புதிய பட்டதாரிக்கு அதற்கான சம்பள வரம்பு 2025இல் ஆண்டுக்கு 43,759.80 யூரோ, தொடக்கநிலை கம்யூனிகேஷன் வேலைகள் பல இதை எட்டுவதில்லை. ப்ளூ கார்டு இல்லாமலும் பட்டத்துக்கேற்ற வேலையில் சாதாரண அனுமதி வாங்கலாம் என்பதால் பயப்பட வேண்டாம். ஆங்கிலத்தோடு நுழைய ஓரளவு வாய்ப்புள்ள பக்கங்கள்: சந்தை ஆய்வு, பயனர் ஆய்வு, சர்வதேசத் தொண்டு நிறுவனங்களின் தகவல் பிரிவு, ஆங்கிலத்தில் இயங்கும் ஸ்டார்ட்அப்களின் மார்க்கெட்டிங். முதல் இரண்டுக்கும் அந்தப் புள்ளியியல் நேரடியாகக் கை கொடுக்கும்.

பி2 தேர்வுக்கு 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை தேவை என்பது கோதே நிறுவனத்தின் கணக்கு. படிப்போடு சேர்த்து இரண்டு ஆண்டில் இதைப் பூஜ்யத்திலிருந்து முடிப்பது மிகக் கடினம். நுங்கம்பாக்கம் ரட்லேண்ட் கேட்டில் உள்ள கோதே நிறுவனத்திலோ வேறு நல்ல இடத்திலோ ஏ1இல் இப்போதே சேர்ந்து, கிளம்பும்போது பி1 கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு இருந்தால் இரண்டாம் செமஸ்டரிலேயே ஜெர்மனில் நடக்கும் ஒரு செமினாரில் உட்கார்ந்து கேட்கலாம், மூன்றாம் செமஸ்டருக்குள் ஜெர்மனில் எழுதிய ஒரு விண்ணப்பத்தோடு இன்டர்ன்ஷிப் கேட்கலாம்.